கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்

பஞ்சாலைகளுக்கு ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் செய்யும் ஒரு கோயம்புத்தூர் கம்பெனியில், சர்வீஸ் ரிப்போர்ட்டுகள் சேரும் பொதுத் தளத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெளியூர் போகும் ஃபிட்டர்களும் எஞ்சினியர்களும் வேலை முடிந்ததும் அதில் ஒரு பதிவு போடுவார்கள். எந்த மில், எந்த மெஷின், என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று. பல வருடம் அது லோட்டஸ் நோட்ஸ் என்ற, ஆவணங்களைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருளில் இருந்தது, இப்போது அதே வேலைக்கான மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட்டுக்கு மாறியிருக்கிறது. ஆரம்ப காலத்தில் அதில் பதிவு போடாதவர் யாரும் இல்லை. அதைத் திறந்து படிக்கிறவர்தான் யாரும் இல்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று இருக்கும். சர்வரில் ஒரு பொது ஃபோல்டராகவோ, கூகுள் டிரைவாகவோ, வேறு எதுவாகவோ. எங்களுடையது எப்படிப் பயன்பட ஆரம்பித்தது என்பதை எழுதுகிறேன். மென்பொருள் எதுவானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்று நம்புகிறேன்.

அன்றைய பதிவுகள் எப்படி இருக்கும் என்றால்: “ஹை டெம்பரேச்சரில் மெஷின் டிரிப். கூலர் சுத்தம் செய்யப்பட்டது. இப்போது நன்றாக ஓடுகிறது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஸ்க்ரூ கம்ப்ரசரில் காற்றோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றும். அந்த எண்ணெய் கூலரில் ஆற வேண்டும். பஞ்சாலையில் காற்றெல்லாம் பஞ்சுத்தூசி பறக்கும். அது கூலரின் தகடுகளுக்கு இடையில் மெத்தை மாதிரி அடைந்துகொண்டால் சூடு வெளியே போகாது. வெப்பம் 110 டிகிரியை நெருங்கும்போது கன்ட்ரோலர் தானாகவே மெஷினை நிறுத்திவிடும். கூலரை ஊதிச் சுத்தம் செய்தால் மறுபடி ஓடும். கொஞ்ச நாளில் மறுபடி நிற்கும். வேறொரு ஃபிட்டர் போவார், சுத்தம் செய்வார், அதே மூன்று வரியை எழுதுவார். ஒரே மில்லுக்கு இப்படி அச்சு அசலாக ஒரே பதிவுகள் வரிசையாக இருந்தன.

அந்த மில்லின் விஷயம் எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவருக்குத் தெரியும். கம்ப்ரசர் அறையின் ஜன்னல் வேஸ்ட் காட்டன் குடோன் பக்கம் திறக்கிறது. மூட்டைகளை இறக்கும்போதெல்லாம் பஞ்சு நேராக உள்ளே வரும். அந்த ஜன்னலை அடைத்து, காற்று உள்ளே வரும் வழியை எதிர்ச்சுவருக்கு மாற்றாத வரை எத்தனை முறை கூலரை ஊதினாலும் பிரயோஜனம் இல்லை. இதை அவர் டீக்கடையில் நின்று சின்னப் பையன்களிடம் விலாவாரியாகச் சொல்வார். ரிப்போர்ட்டில் மட்டும் எழுதமாட்டார். ரிப்போர்ட் என்றால் பில் போடுவதற்கு ஆபீஸ் கேட்கிற காகிதம் என்றுதான் அவரும் மற்ற எல்லோரும் நினைத்திருந்தார்கள். நாங்களும் அதை அப்படித்தான் பயன்படுத்தினோம்.

எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை இது. லோட்டஸ் நோட்ஸ் சந்தைக்கு வந்தது 1989-ல். இரண்டு மூன்று வருடத்திலேயே, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டா ஆர்லிகாவ்ஸ்கி என்ற ஆய்வாளர், அதை வாங்கியிருந்த ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்துக்குள் போய் ஆட்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். 1992-ல் வெளியான அவருடைய ஆய்வு இன்றைக்குப் படித்தாலும் நம் அலுவலகத்தைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது. அறிவைப் பகிர்ந்துகொள்ளத்தான் நிறுவனம் அதை வாங்கியது. ஆனால் இது எதற்கு என்று ஊழியர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அதனால் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மின்னஞ்சல் மாதிரி, கணக்குத்தாள் மாதிரி இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். அதோடு, அங்கே ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுத வேண்டும். புதிய மென்பொருளைக் கற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? பதவி உயர்வுக்குப் போட்டி வேறு. தனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் தன் மதிப்பு என்னாவது என்ற பயம். போட்டியெல்லாம் தாண்டி உச்சிக்குப் போய்விட்ட மூத்தவர்கள்தான் பகிர்வதில் தாராளமாக இருந்தார்களாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் கதை இருக்கிறது. சர்வீஸ் வேலையில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1980-களில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸின் ரிப்பேர்காரர்களோடு கூடவே சுற்றினார். கம்பெனி கொடுத்த கையேட்டில் ‘இந்தக் கோளாறுக்கு இப்படிச் செய்’ என்று படிப்படியாக எழுதியிருந்தது. நிஜத்தில் மெஷின்கள் கையேட்டுக்கு அடங்கவில்லை. ரிப்பேர்காரர்கள் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்தான் வேலைக்கு உதவும் விஷயம் இருந்தது. எங்கள் டீக்கடை அங்கேயும் உண்டு.

அந்தக் கதைகளை எல்லோருக்கும் எட்ட வைக்க 1990-களில் ஜெராக்ஸின் பார்க் (PARC) என்ற ஆய்வுக்கூடத்தினர் யுரேகா என்றொரு தளத்தை உருவாக்கினார்கள். அது முதலில் வேர்விட்டது பிரான்ஸில், அங்கே தொலைபேசி இணைப்பில் இயங்கிய மினிடெல் முனையங்கள் வழியாக. ஒரு ரிப்பேர்காரர் தன் அனுபவத்தைக் குறிப்பாக எழுதி அனுப்புவார். அந்த மெஷினில் கைதேர்ந்த சக பணியாளர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். சரியென்றால் எழுதியவரின் பெயரோடு வெளியாகும். குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவர்கள் ரிப்பேர்காரர்களே. பணம் வந்தால் எண்ணிக்கைதான் பெருகும், தரம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கனடாவில் ஒருவர் எழுதிய குறிப்பைப் பார்த்து, பிரேசிலில் இன்னொருவர், மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவாகியிருந்த ஒரு விலையுயர்ந்த கலர் மெஷினை ஒரு டாலர்கூடப் பெறாத உதிரிபாகத்தால் சரிசெய்த சம்பவம் அந்தத் துறையில் பிரபலம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. எழுத நேரம் வேண்டும், எழுதியவர் பெயர் நிற்க வேண்டும், அதைவிட முக்கியமாக, எழுதியதை யாரோ படித்தார், பயன்படுத்தினார் என்ற செய்தி எழுதியவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபோல்டர் ஒழுங்கு, பெயர் வைக்கும் விதி எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். நாம் பெரும்பாலும் தலைகீழாக ஆரம்பிக்கிறோம்.

நேரத்தைப் பற்றி எங்கள் மேனேஜரிடம் பேசினேன். சைட்டில் கடைசி அரை மணி நேரம் எழுதுவதற்கு என்று ஜாப் ஷீட்டிலேயே சேர்க்க ஒப்புக்கொண்டார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எழுதியதற்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் முதல் மாதமே தெரிந்தது. பெயரும் அப்படித்தான். அதுவரை எல்லாப் பதிவும் அந்தந்தப் பிராஞ்சின் பொது லாகினில் ஏறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஐடி வாங்கிக் கொடுத்தோம். பதிவின் தலையில் தன் பெயர் தெரிந்ததும் எழுத்தில் ஒரு கவனம் வந்தது.

எழுதுவதில் இன்னொரு தடை மொழி. நான் சொன்ன அந்த மூத்த ஃபிட்டரிடம், “அண்ணா, டீக்கடையில சொல்றத அப்படியே எழுதிப் போடுங்களேன்” என்று கேட்டபோது, “எனக்கு இங்கிலீசுல எழுத வராது கண்ணு” என்றார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி போட்டதில்லை. வழக்கமாக அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். தமிழில் எழுதலாம் என்று சொன்ன பிறகு வந்த பதிவுகளைப் பார்த்திருக்க வேண்டும். சத்தம் எப்படி வந்தது, எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது, மில் மேஸ்திரி என்ன சொன்னார், எல்லாம் இருந்தது. கூலர் சுத்தம் செய்யப்பட்டது என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவு நாள் எவ்வளவு விஷயம் அடங்கிக் கிடந்திருக்கிறது!

தமிழில் எழுதினால் தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். யூனிகோடில் இருந்தால் தேடலாம். பழைய சுற்றறிக்கைகள் பல, அந்தக் காலத்து எழுத்துருக்களில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே கம்ப்யூட்டருக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடையும், டேஸ் 16 (TACE16) என்ற இன்னொரு தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுணுக்கம்: ‘கூலர்’ என்று தேடினால் ‘கூலரில்’, ‘கூலரை’, ‘கூலருக்கு’ என்பவை பெரும்பாலும் கிடைக்காது. முன்பகுதியைக் கொண்டு தேட நட்சத்திரக்குறி போடும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஆனால் ‘கூலர்’ என்று புள்ளியோடு தட்டி நட்சத்திரம் போட்டாலும் பலிக்காது. ‘கூலரில்’ என்பதில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது அல்லவா? புள்ளியை எடுத்துவிட்டு ‘கூலர*’ என்று தேடினால் எல்லா உருபோடும் வந்து நிற்கும். தமிழில் ஆவணம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

ஊர்ப்பெயர் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் திருப்பூரை ஒற்றை ‘பி’ போட்டு ஒருவர், இரட்டை ‘பி’ போட்டு ஒருவர். உடுமலைப்பேட்டையை முழுதாக ஒருவர், உடுமலை என்று ஒருவர், உடுமலைப்பேட் என்று ஒருவர். ஒரு மில்லின் சரித்திரம் நான்காகப் பிரிந்து கிடந்தது. ஊர், மில் பெயர், மெஷின் மாடல், கோளாறின் அறிகுறி ஆகிய நான்கையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்தோம். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டப்படி எழுதலாம். இப்படித் தேர்ந்தெடுக்கும் கட்டங்களை அதிகமாக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதினைந்து கட்டங்களை நிரப்பச் சொன்னால் மனிதர்கள் எல்லாவற்றிலும் ‘மற்றவை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த நான்கு கட்டங்களால் ஃபோல்டர் சண்டை தானாகத் தீர்ந்தது. மில்வாரியாக அடுக்குவதா, மாடல்வாரியாக அடுக்குவதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்ஸில் ‘வியூ’ என்று ஒன்று உண்டு. ஆவணம் ஓரிடத்தில்தான் இருக்கும். அதை மில்வாரியாகவும் பார்க்கலாம், மாடல்வாரியாகவும் பார்க்கலாம், அறிகுறிவாரியாகவும் பார்க்கலாம். ஷேர்பாயின்ட்டிலும் காலம்களை (column, நான் சொன்ன கட்டங்கள்தான்) வைத்து அதையே செய்ய முடியும். அங்கே ஒரே பார்வையில் 5,000 உருப்படிகளைத் தாண்டினால் தடங்கல் வரும், அதனால் முக்கியமான காலம்களுக்கு, வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஆறு அடுக்குக்குக் கீழே வைத்ததை வைத்தவரே தேடமாட்டார்.

மூன்று பார்வைகளில் எங்கள் ஆட்களுக்கு மிகவும் பயன்பட்டது அறிகுறிவாரியானது. போனில் மில்காரர் ‘மெஷின் நின்னுபோச்சு, டெம்பரேச்சர் காட்டுது’ என்றுதான் சொல்வார். எண்ணெயைக் கூலருக்குத் திருப்பிவிடும் தெர்மல் வால்வு மாட்டிக்கொண்டது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே பதிவின் தலைப்பும் கண்ணில் பட்ட அறிகுறியில் தொடங்க வேண்டும், பிறகு காரணம் வர வேண்டும் என்று பழக்கினோம். ‘சர்வீஸ் ரிப்போர்ட்’ என்றே தலைப்பு வைத்தவை முன்பு நூற்றுக்கணக்கில் கிடந்தன. ‘லோடில் மட்டும் ஹை டெம்பரேச்சர், காலையில் இல்லை, மதியம் மட்டும்: அறைக்குள் சூடான காற்று திரும்பி வருகிறது’ என்று ஒருவர் வைத்த தலைப்பைப் படித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது பதிலாவணம்தான். நோட்ஸில் ஒரு பதிவுக்குக் கீழே, அதோடு இணைந்த பதிலை எழுதலாம். பதிலுக்கும் பதில் எழுதலாம். எங்களிடம் இந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்தும் யாரும் தொட்டதில்லை. இதன் பூர்வீகம் எனக்குப் பிடித்த விஷயம். 1973-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்த உருவாக்கிய பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் அமைப்பில், பயனர்கள் கோளாறுகளைத் தெரிவிக்க ஒரு பொதுக் கோப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் அழிக்கலாம். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்றும் தெரியாது. டேவிட் வூலி என்ற இளைஞர் அதற்குப் பதிலாக ஒரு நிரலை எழுதினார். குறிப்பில் எழுதியவர் அடையாளமும் தேதியும் தானாகப் பதியும், வேறு யாரும் அதை மாற்ற முடியாது, கீழே பதில் எழுத இடம் இருக்கும். அதற்குப் பெயர் நோட்ஸ். அதே பல்கலைக்கழகத்தில் பிளேட்டோவைப் பயன்படுத்திய ரே ஓஸி 1984-ல் ஐரிஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி லோட்டஸுக்காக உருவாக்கியதுதான் நாங்கள் பயன்படுத்திய நோட்ஸ். 1995-ல் ஐபிஎம் லோட்டஸையே வாங்கியது. 2019-ல் அது எச்சிஎல் கைக்கு வந்தது, நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் சிவ் நாடார் ஆரம்பித்த நிறுவனம். இத்தனை கை மாறியும் அடிப்படை மாறவில்லை. கோளாறு ஒன்றை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் கீழே பதில் சொல்வார். நாங்களோ மேலே எழுதுவதோடு நின்றுவிட்டோம்.

ஒரே ஒரு கோரிக்கை வைத்தோம். பழைய பதிவு எதையாவது பார்த்து வேலை செய்தால், அது உதவியிருந்தாலும் உதவாவிட்டாலும் கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். ‘திண்டுக்கல்லில் இதே மாடலுக்குச் செய்தேன், சரியானது.’ ‘இங்கே பலிக்கவில்லை, சென்சார் வயர்தான் லூஸ்.’ இவ்வளவு போதும். பதில் வந்தால் மூலப்பதிவை எழுதியவருக்கு மெயில் போகும்படி அமைத்தேன்.

உதவாத பதிவுகளின் கீழே வந்த வரிகள்தான் பெரிய சொத்து. காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பாகம் செப்பரேட்டர். ‘செப்பரேட்டரை மாற்றினால் எண்ணெய் வெளியேறுவது நிற்கும்’ என்று ஒரு பதிவு இருந்தது. அதன் கீழே ஒருவர், ‘மாற்றியும் நிற்கவில்லை, எண்ணெயைத் திரும்ப இழுக்கும் சின்னக் குழாய் அடைத்திருந்தது, முதலில் அதைப் பாருங்கள்’ என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர் அந்தக் குழாயை எப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று எழுதினார். செப்பரேட்டர் விலை என்ன, குழாயைச் சுத்தம் செய்யும் செலவு என்ன! முதல் பதிவைத் திருத்தி எழுதியிருந்தால் இந்தப் பாதை தெரிந்திருக்காது. யார் எந்த இடத்தில் எதை முயன்றார் என்பது அடுக்கடுக்காகத் தெரிவதால்தான் புதிதாக வருகிறவர் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்.

மூத்தவர்களின் மனநிலையும் இதில்தான் மாறியது. மெஷினை முப்பது வருடமாகத் தொட்டுவரும் ஒருவருக்கு, கரூரிலிருந்து ஒரு பையன் ‘அண்ணா, உங்கள் பதிவால் இன்று மூன்று மணி நேரம் மிச்சம்’ என்று எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அவரிடம் எழுதுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பழைய குப்பையை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பேன். பத்து வருடப் பதிவுகளை உட்கார்ந்து ஒழுங்குபடுத்த ஆரம்பித்தால் பாதியில் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். யாராவது ஒரு பழைய பதிவைத் தேவைக்காகத் திறந்தால் அப்போதே தலைப்பை மட்டும் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். தேவைப்படுகிறவை தானாகச் சுத்தமாகிவிடும்.

ஒரு ஆவணத்தை மெயிலில் இணைத்து அனுப்பாமல் அதன் லிங்கை அனுப்புங்கள். இணைத்து அனுப்பிய நிமிடமே இரண்டு பிரதி, நாளைக்கு ஐந்து பிரதி, எது கடைசியானது என்று யாருக்கும் தெரியாது. அனுமதி விஷயத்தில், படிப்பதை எல்லோருக்கும் திறந்து வையுங்கள், அழிப்பதைச் சிலருக்கு மட்டும் கொடுங்கள். நோட்ஸில் லோக்கல் ரெப்ளிகா, அதாவது தளத்தின் பிரதியைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே, வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் இணையாமல் இருந்துவிட்டு இணைந்தால், அழித்த ஆவணங்கள் உயிரோடு திரும்பிவரும். அழித்ததற்கான அடையாளத்தை அது வழக்கமாக 90 நாள்தான் நினைவில் வைத்திருக்கும். ஷேர்பாயின்ட்டில் அழித்தது 93 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குப் பிறகு போனது போனதுதான்.

ஷேர்பாயின்ட்டுக்கு மாறும்போது நான் பிடிவாதமாக நின்ற ஒரே இடம் அந்தப் பதில்கள். மாற்றித் தர வந்தவர்கள் மூலப்பதிவுகளை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். பதில்கள் இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்று சொன்னேன். கடைசியில் ஒவ்வொரு பதிவின் பதில்களையும் பெயர், தேதியோடு அதே பக்கத்தின் அடியில் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாக இல்லை. தேடினால் கிடைக்கிறது.

இப்போதைய சவால் வாட்ஸ்அப். ஃபிட்டர்கள் சைட்டிலிருந்து போட்டோவும் வாய்ஸ் நோட்டும் குரூப்பில் போடுகிறார்கள், இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. பவர் கட்டும் சூடும் நடுவில் நிற்கிற மனிதருக்கு அந்த வேகம் தேவை. ஆனால் அடுத்த வாரம் அதே கேள்வி வரும்போது பழைய பதில் நல்ல காலை வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்திருக்கும். அதனால் சாயங்காலம் டியூட்டியில் இருக்கும் கோஆர்டினேட்டர் அன்றைய குரூப்பைப் படித்து, உருப்படியானதைத் தளத்தில் ஏற்றுகிறார். கேட்டவர் பெயர் மேலே, பதில் சொன்னவர் பெயர் கீழே. ஏற்றிய பிறகு லிங்கை அதே குரூப்பில் போடுகிறார். போன மழைக்காலத்திலிருந்து, யாராவது கேள்வி கேட்டால் கோஆர்டினேட்டருக்கு முன்பே வேறொரு ஃபிட்டர் அந்த லிங்கை எடுத்துப் போடுவது நடக்கிறது.